பட்டி பார்த்த சரித்திரம்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் என் இங்கிலாந்துப் பிரயாணத்தைப் பற்றி எழுதினபோது, போகிற போக்கில் இரண்டு வாக்கியம் எழுதிவிட்டேன். கவென்ட்ரி நகருக்கு வெளியே, என் பெண் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில், ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக் ஒருவர் பழைய ராணுவக் கவச வண்டி ஒன்றை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறார். அதில் நானும் ஏறி ஆறு மைல் சவாரி செய்தேன் என்று ஒரு வாக்கியம். ஏறும்போது மனசு கொஞ்சம் கூசியது என்று இன்னொன்று. அவ்வளவுதான். என் போன நாவலுக்கு வந்ததைவிட அதிகமான கடிதங்கள் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு வந்திருக்கின்றன. நாவலாசிரியனுக்கு இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

கடிதங்களை இரண்டு கட்டாகக் கட்டி வைத்திருக்கிறேன். முதல் கட்டின் பிரதிநிதியாகக் கும்பகோணத்து அம்மாள் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். "யுத்தத்தைப் பற்றி அத்தனை உருக்கமாக எழுதிய நீங்களா மனிதர்களைக் கொல்லப் பிறந்த வண்டியில் ஏறிச் சவாரி செய்தீர்கள்? அதையெல்லாம் உருக்கி ஏர்க்கொழுவாக அடிக்க வேண்டாமோ?" என்று கேட்கிறார். இரண்டாம் கட்டுக்குத் திருச்சியில் ஓய்வுபெற்ற எஞ்சினீயர் ஒருவர் தலைமை வகிக்கிறார். அவருக்கு என் மனசு கூசியதுதான் பிடிக்கவில்லை. "யந்திரத்துக்குப் பாவமும் கிடையாது, புண்ணியமும் கிடையாது. நல்ல யந்திரத்தைத் துருப்பிடிக்க விடுவது ஒன்றே பாவம். அந்த மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் நீங்கள்" என்கிறார்.

அம்மாளோடு எனக்குச் சின்னச் சண்டை. எஞ்சினீயரோடுதான் பெரிய சண்டை. இத்தனைக்கும் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் கும்பிடுவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் ராணுவம் கழித்துவிட்ட கவச வண்டியைத் தனி மனிதன் வாங்கி வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கியும் பீரங்கியும் சுட முடியாதபடி அடைக்கப்பட்டிருக்கும். பதிவு செய்து, நம்பர் பலகை மாட்டிச் சாலையில் ஓட்டலாம். சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் டாங்கியென்றால் அதற்கென்று தனி வகை லைசென்ஸ். தார் ரோட்டைக் கீறாமல் இருக்கச் சங்கிலிக்கு ரப்பர்ப் பட்டை. இப்படி ஓட்டுகிறவர்களுக்குச் சங்கங்கள் உண்டு, சந்தைகள் உண்டு, கோடைகாலத்தில் வயல்வெளிகளில் திருவிழாக்கள் உண்டு. அமெரிக்காவில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. கலிபோர்னியாவில் ஜாக் லிட்டில்ஃபீல்ட் என்ற கனவான் தம் பண்ணையில் இருநூறுக்கு மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் சேர்த்து வைத்திருந்தார். போலந்து தேசத்து ஆறு ஒன்றிலிருந்து எடுத்த ஜெர்மன் பாந்தர் டாங்கியைப் பல வருஷங்கள் செலவழித்துச் செப்பனிட்டார்; 2009இல் காலமானார். அவருடைய சேகரத்தில் பெரும்பகுதி 2014இல் ஏலத்தில் போயிற்று.

ஜெர்மனியில் நடந்த கதை இதைவிட ஸ்வாரஸ்யம். கீல் நகருக்குப் பக்கத்தில் ஹைக்கன்டார்ஃப் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டின் நிலவறையில் முழுப் பாந்தர் டாங்கி ஒன்று இருப்பதை 2015ஆம் வருஷம் அதிகாரிகள் 'கண்டுபிடித்தார்கள்'. ஊராருக்கு அது பழைய சேதி. 1978ஆம் வருஷத்துப் பெரும் பனியில் சொந்தக்காரர் அதை ஓட்டிக்கொண்டு திரிந்தது தமக்கு ஞாபகமிருப்பதாக ஊர்த் தலைவரே சொன்னார்! சிப்பாய்கள் சுமார் 20 பேர் வந்து ஒன்பது மணி நேரம் மல்லுக்கட்டி அதை வெளியே இழுத்தார்கள். வழக்கு ஆறு வருஷம் நடந்து, 2021இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் இரண்டரை லட்சம் யூரோ செலுத்தும் உத்தரவும் ஆயிற்று. டாங்கியை விற்றுவிடவும் சொன்னார்கள். நிலவறையில் ஒரு டாங்கியை வைத்துக்கொண்டு மேலே காப்பி குடித்துக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பற்றி ஒரு நாவலே எழுதலாம். ஆனால் நான் எழுத வந்தது வேறு மனிதரைப் பற்றி.

என் மெக்கானிக்கின் வண்டிக்குச் சாரசன் என்று பெயர். சிலுவை யுத்த காலத்தில் ஐரோப்பியர்கள் தங்கள் முஸ்லிம் எதிரிகளைக் குறித்த சொல் அது. இதன் உடன்பிறந்த வண்டிக்குச் சாலடின் என்று பெயர். தோற்கடிக்க முடியாத எதிரியின் பெயரைத் தன் வண்டிக்கு வைத்துக்கொள்கிற குணம் வெள்ளைக்காரருடையது. அதை மனோதத்துவக்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஆறு சக்கரம், பத்து டன் எடை, முன்பக்கம் எட்டு சிலிண்டர் ரோல்ஸ் ராய்ஸ் பெட்ரோல் எஞ்சின், பின்பக்கம் இரட்டைக் கதவு. கதவைத் திறந்தால் எதிரெதிரே உட்கார்ந்து போகச் சிப்பாய்களுக்கு இருக்கைகள். கவென்ட்ரியில் ஆல்விஸ் கம்பெனியார் 1952 முதல் இருபது வருஷ காலத்தில் சுமார் 1,800 வண்டிகள் செய்தார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இரண்டு கிலோமீட்டர் போனால் அன்றைக்கு நல்ல நாள்.

இதை ஓட்டுவது ஒரு தனி வித்தை. கிளச் மிதி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, ஆனால் அது கிளச் அல்ல. வேண்டிய கியரை முதலில் கைப்பிடியால் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது ஒன்றும் நடக்காது. பிறகு தேவையான நிமிஷத்தில் மிதியை அடிவரை ஒரே அழுத்தாக அழுத்தி விட்டால் குறித்த கியர் விழும். பாதி அழுத்தினால் வந்தது ஆபத்து. மிதி கழுதை மாதிரி திருப்பி உதைக்கும், முழங்கால் போய்விடும். இந்த மாதிரிக் கியர்ப்பெட்டி அந்தக் காலத்து டெய்ம்லர் பஸ்களில் இருந்தது. நம்மவர் வாலிபத்தில் அந்த பஸ்களுக்கு அடியில் படுத்தே வேலை கற்றவர். அதனால்தான் பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, எஞ்சின் இறுகி, பிரேக்குகள் பிடித்துக்கொண்டு, அடித்தட்டில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்த சாரசனை ஒரு பழைய இரும்புக் கிடங்கில் பார்த்தபோது அவருக்குக் கை துறுதுறுத்ததாம்.

இன்னொரு விசேஷம். ஒவ்வொரு பக்கத்துச் சக்கரம் மூன்றும் ஒன்றோடொன்று தண்டுகளால் பிணைக்கப்பட்டவை. மூன்றும் சேர்ந்தே சுற்றியாக வேண்டும். மேடு பள்ளத்தில் இது பெரிய பலம். வழவழப்பான தார் ரோட்டிலோ, மூன்று டயர்களின் தேய்மானத்தில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் பிணைப்புக்குள் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். விட்டால் உள்ளே ஏதாவது உடையும். அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை சாலையோரத்து மேட்டில் ஒரு சக்கரத்தை ஏற்றி இறக்க வேண்டும், முறுக்கு விட்டுப்போகும். என்னை அழைத்துப் போன அன்று அப்படி ஏற்றினபோது என் தலை இரும்புக் கூரையில் மோதிற்று. அவர் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அந்தச் சமயத்திலும் சிரிப்புத்தான் வந்தது. ஆமாம், கும்பகோணத்து அம்மா, குதூகலமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

அம்மாளின் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உருக்கிவிட்டால் என்ன லாபம்? உருக்கின இரும்பு ஏர்க்கொழுவாகத்தான் போகும் என்று உலைக்காரன் எழுதிக் கொடுப்பானா? இன்னொரு கவச வண்டியாகவும் வரலாம். அதுவும் போகட்டும். கொலை நடந்த வீட்டில் சாட்சியைக் கொன்றுவிட்டுச் சாந்தி ஹோமம் செய்வது போன்ற காரியம் இது. இந்த வண்டி ஒரு சாட்சி. அது இருக்க வேண்டும். ஓடினால் இன்னும் நல்லது. சாரசனின் சத்தத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. யுத்தப் பித்துப் பிடித்தவர்கள்தான் இதையெல்லாம் செப்பனிடுகிறார்கள் என்று அம்மாள் நினைக்கிறார். நான் பார்த்தவர்களில் பலர் ரிட்டயரான எலெக்ட்ரீஷியன், லாரி டிரைவர், பள்ளிக்கூட வாத்தியார். ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக மூன்று மாதம் அலைந்து, ஐம்பது வருஷத்துக்கு முன்பு மெழுகுத்தாளில் சுற்றி வைத்தபடியே அது கிடைத்ததும் குழந்தை பிறந்த மாதிரி நாலு பேருக்கு டெலிபோன் செய்கிறவர்கள். இவர்களால் உலகத்துக்கு ஆபத்து வராது.

இனி எஞ்சினீயர்.

'வெறும் யந்திரம்' என்கிறீர்கள், ஐயா. நல்லது. வெறும் யந்திரம் என்றால் அதற்குப் படைப்பிரிவின் சின்னத்தை ஏன் இத்தனை கவனமாக, சரியான பச்சை, சரியான அளவு என்று புத்தகம் பார்த்து எழுதுகிறார்கள்? அந்தத் திருவிழாவில் நான் பார்த்தேன்: வண்டிக்குப் பொருத்தமான சீருடை, தொப்பி, பூட்ஸ், அந்தக் காலத்து டீக் குவளை உட்பட. யுத்தகால ஜெர்மன் உடுப்பிலேயே இரண்டு பேர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய டிராக்டருக்காக யாரும் வேஷம் கட்டிக்கொண்டு வருவதில்லை. ஆக, யந்திரத்தோடு சரித்திரமும் வேண்டியிருக்கிறது அவர்களுக்கு. ஆனால் பாதிச் சரித்திரம். சின்னம் வேண்டும், அந்தச் சின்னம் போய் நின்ற தெரு வேண்டாம். இந்தப் பாதியைத்தான் நான் குறை சொல்கிறேன்.

சாரசன் எங்கெங்கே போயிற்று என்று பார்க்கலாம். முதலில் சாலடினைத்தான் செய்வதாக இருந்தார்கள். மலாயாவில் 1948இல் அவசர நிலைமை பிறந்ததும், சிப்பாய்களை ஏற்றிப் போக வண்டி உடனே தேவை என்று சாரசனை முந்திக்கொண்டு செய்தார்கள். மலாயா என்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் ஜனங்களை லயங்களிலிருந்து கிளப்பிக் கம்பி வேலிக்குள் ஒருசேரக் குடிவைத்த காலம் அது. அந்த அவசரத்தில் பிறந்த வண்டி இது. 1960 மார்ச் 21இல் தென்னாப்பிரிக்காவில் ஷார்ப்வில் என்ற ஊரில், அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடின கறுப்பு மக்கள் மீது போலீஸ் சுட்டபோது அங்கே நின்றவை சாரசன்களே. அன்றைய அரசாங்கக் கணக்கிலேயே இறந்தவர்கள் 69 பேர். பலருக்கு முதுகில் குண்டு. பிறகு 1970களில் வட அயர்லாந்துத் தெருக்கள். கவென்ட்ரியில் செய்த யந்திரத்தின் ஜாதகம் இது. எண்ணெய் எத்தனை நாளைக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும் என்பது போல் இதுவும் அந்த யந்திரத்தைப் பற்றிய தகவல்தானே, எஞ்சினீயர் ஐயா?

நான் சொல்வது ஆகாத காரியமும் அல்ல. டார்செட்டில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. 1943இல் துனிசியாவில் பிடிபட்ட ஜெர்மன் டைகர் டாங்கி ஒன்றை அங்கே ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். எஞ்சினைச் சரிசெய்தார்கள், புதுப் பெயின்ட் அடித்தார்கள். குண்டு பட்டுப் பெயர்ந்த இரும்புத் தழும்புகளை மட்டும் அடைக்கவில்லை. இன்றைக்கும் அதைப் பார்க்கலாம்.

என் மெக்கானிக் அடைத்துவிட்டார். அதுதான் எங்கள் சிநேகத்தில் வந்த முதல் விரிசல்.

வண்டியின் இடது பக்கத்தில் ஒரு சதுரத்தை மட்டும் அவர் மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார், பெயின்ட் உப்பியிருக்கிறதென்று. எனக்கும் ஒரு தாளைக் கொடுத்தார். தேய்க்கத் தேய்க்க மரத்தின் உள்வளையம் மாதிரி நிறங்கள் வந்தன. மேலே பளபளப்பான பச்சை, அடியில் மங்கின பச்சை, அதற்கும் அடியில் கருகினது போல் ஒரு திட்டு. அப்புறம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஏதோ. நம் ஊர் டிங்கர் கடைகளில் மோதின காருக்குப் பூசுவார்களே, அந்தப் பட்டி. விரலால் தடவினேன். ஒரு பள்ளம் இல்லை. அந்தப் பக்கம் முழுக்கப் பள்ளம். சின்னதும் பெரிதுமாக நாற்பது ஐம்பது இருக்கும்.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டேன்.

"கல்" என்றார்.

கருகின திட்டு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அவரே தம் ஸ்பானர்ப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பதிவு எண், ஒரு அட்டை. எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்குப் போயிற்று என்று அதில் எழுதி வைப்பார்கள். பழைய அட்டைகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சொந்தக்காரர்கள் எழுதிக் கேட்டால் நகல் கிடைக்கிறது. அவர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஜெர்மனியில் சில வருஷம், கிடங்கில் சில வருஷம், 1971 முதல் பெல்ஃபாஸ்ட், அப்புறம் விற்பனை. வண்டியின் மேலே அவர் எழுதியிருந்ததோ ஜெர்மனியில் அணிவகுப்புக்கு நின்ற காலத்துச் சின்னம். எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறார்!

நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசிவிட்டேன். விருந்தாளியாகப் போன ஊரில், அதுவும் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு, அவர் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா அது என்று பிறகு தோன்றிற்று. ஆனாலும் சொல்லத்தான் சொன்னேன். "உங்கள் ஊர்ப் பழைய மாதா கோவிலைப் பாருங்கள். 1940 நவம்பர் 14 ராத்திரி ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு எரித்த கோவில். இந்த வண்டியைச் செய்த ஆல்விஸ் தொழிற்சாலையும் அதே ராத்திரி பாழாயிற்று. யுத்தம் முடிந்து புதுக் கோவில் கட்டினார்கள், 1962இல் திறந்தார்கள். பழையதை இடித்துவிட்டா கட்டினார்கள்? கூரையில்லாத சுவர்களை அப்படியே நிறுத்திவைத்துப் பக்கத்தில் கட்டினார்கள். உங்களுக்கு நேர்ந்ததற்குப் பட்டி பூச உங்களுக்கு மனசு வரவில்லை. உங்கள் வண்டி போன இடத்தில் நேர்ந்ததற்கு மட்டும் பூசலாமோ?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் உப்புத்தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "என் தம்பி 19 வயதில் பெல்ஃபாஸ்டில் இருந்தான். இதே மாதிரி வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனான். கல் விழுகிற சத்தத்தை உள்ளே இருந்து கேட்டவன். திரும்பி வந்து அதைப் பற்றிப் பேசினதே இல்லை, பேசாமலே செத்துப்போனான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் தின்ன வருகிறவர்களிடம் நான் எதைச் சொல்வது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் ஏன் அந்த வண்டியை வாங்கினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கை துறுதுறுத்தது மட்டும் காரணமல்ல.

ஆனால் ஐஸ்கிரீம் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை. திருவிழாவுக்குப் போனேன் என்றேனே, அங்கே கூட்டம் அதிகம் நின்றது எங்கே தெரியுமா? பழைய மோட்டார் கார் ஒன்றைத் தரையில் நிறுத்தி, சங்கிலிச் சக்கர வண்டியை அதன்மேல் ஏற்றி நசுக்குகிற இடத்தில். பணம் கட்டினால் நாமே பக்கத்தில் உட்கார்ந்து நசுக்கலாம். பிறந்த நாள் பரிசாகச் சீட்டு வாங்கிக் கொடுக்கிறார்களாம். தகரம் நொறுங்கும் சத்தம் கேட்டதும் கைதட்டல். அந்தக் காரின் பின் ஸீட்டில் குழந்தைக்கென்று வைக்கும் சின்ன நாற்காலி ஒன்று அப்படியே இருந்தது; எடுக்க மறந்திருப்பார்கள். உலகத்தில் எத்தனையோ ஊர்களில் டாங்கிகள் கார்களின் மேல் ஏறியிருக்கின்றன. அங்கே ஒருவரும் சீட்டு வாங்கவில்லை. வண்டியின் கதையை மறைத்துவிட்டால் அது கடைசியில் வந்து சேருகிற இடம் இதுதான். யந்திரம் வெறும் யந்திரமாக நிற்கவில்லை, எஞ்சினீயர் ஐயா, பொம்மையாகிவிட்டது.

இந்த விவாதத்தை முடித்துவைத்தவர் நானல்ல, எங்கள் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்தவர், வயது எழுபத்தைந்துக்கு மேல். மகன் குடும்பத்தோடு கவென்ட்ரியில் இருக்கிறார். சாயங்காலம் என்னோடு நடக்க வருவார். ஒருநாள் மெக்கானிக்கின் கொட்டகைப் பக்கமாக அழைத்துப் போனேன். அவர் அப்போதுதான் எஞ்சினைக் கிளப்பியிருந்தார். கொட்டகைக்கு இருபது கஜம் முன்னாலேயே மாஸ்டர் நின்றுவிட்டார்.

"வாருங்கள் மாஸ்டர், உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம்" என்றேன்.

"உதுக்குள்ளயோ? நான் வரேல்லை. நீங்கள் போய்ப் பாருங்கோ" என்றார். பிறகு, நான் சங்கடப்படக் கூடாதென்றோ என்னவோ, மெதுவாகச் சொன்னார்: "உந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எண்பத்து நாலாம் ஆண்டு. பள்ளிக்கூடத்துக்கு முன்னால போகேக்க பிள்ளையள் எல்லாம் மேசைக்குக் கீழ போயிடுங்கள். நான் மட்டும் கரும்பலகையிலே கணக்கை எழுதிக்கொண்டு நிப்பன். நான் குனிஞ்சால் பிள்ளையள் இன்னும் பயப்பிடுங்கள் எண்டு நினைச்சனோ, அல்லது எனக்குக் கால் அசையேல்லையோ, இண்டைக்கும் தெரியாது."

இலங்கை ராணுவமும் சாரசன்களையும் சாலடின்களையும் வாங்கி வைத்திருந்தது என்பது எனக்குப் புத்தகத் தகவல். மாஸ்டருக்கு அது காதில் இருக்கிறது. மெக்கானிக் எஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே வந்து, என்ன விஷயம் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரையில் அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கரி போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் போனபோது இடது பக்கத்துப் பட்டியை முழுக்கச் சுரண்டி எடுத்திருந்தார். பள்ளங்களின் மேலேயே மங்கின பச்சை அடித்திருந்தார். பக்கத்தில் நிறுத்த ஒரு மரப் பலகையும் தயார் செய்து, வண்டி எங்கே எந்த வருஷம் இருந்தது என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தார். விழாக் குழுவினர் பலகையைப் பார்த்துவிட்டு, குடும்பங்கள் வருகிற இடம், இதெல்லாம் வெளியே வேண்டாமே என்றார்களாம். கார் நசுக்கும் மைதானத்துக்கு முப்பதடி தள்ளி நின்றுகொண்டு சொல்லியிருக்கிறார்கள். அவர் மரியாதையாகப் பலகையை எடுத்துக் கொட்டகையில் போட்டுவிட்டு, அதே எழுத்துக்களைப் பின்பக்கத்து இரட்டைக் கதவுகளின் உட்புறத்தில் எழுதிவிட்டார். வெளியே வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்! கதவு சாத்தியிருந்தால் ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் ஏறி உட்காருவதற்காக அகலத் திறந்து வைத்தால், ஏறுகிறவர்கள் அத்தனை பேர் கண்ணிலும் படும். பஸ் டெப்போவில் நாற்பது வருஷம் மேலதிகாரிகளோடு காலம் தள்ளினவருடைய சாமர்த்தியம் அது.

நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள் மாஸ்டர் தாமாகவே, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். எஞ்சின் ஓடவில்லை. கதவுக்குப் பக்கத்தில் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிறவர் போல வரிவரியாகப் படித்தார். ஜெர்மனி, பெல்ஃபாஸ்ட், வருஷங்கள். எல்லாவற்றுக்கும் கீழே, அவருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று, மெக்கானிக் 'யாழ்ப்பாணம், 1984' என்று இன்னொரு வரி சேர்த்திருந்தார்.

மாஸ்டர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"இந்த வண்டி அங்க வரேல்லைத்தானே?"

"இல்லை. இதே ஜாதி வண்டிகள்தான்" என்றேன்.

"அப்ப இதை எடுத்துவிடச் சொல்லுங்கோ. நல்ல மனுசன், எனக்காக எழுதியிருக்கிறார், விளங்குது. ஆனால் வராத ஊரை எழுதினால், வந்த ஊரையும் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

நான் சொன்னேன். மெக்கானிக் அவரை ஒரு தடவை பார்த்தார். உள்ளே போய்த் தின்னர் டப்பாவை எடுத்து வந்து, துணியை நனைத்து, அந்தக் கடைசி வரியை மட்டும் துடைத்தார். ஈரம் காயட்டும் என்று கதவைத் திறந்தே வைத்துவிட்டு மூன்று பேரும் டீ குடிக்கப் போனோம்.